சொல் இடைவெளிச் சீரமைப்பு

அச்சு வரியின் இரு ஓரங்களும் நேராக நிற்பதற்காகச் சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்தைக் கூட்டியோ குறைத்தோ அமைப்பது சொல் இடைவெளிச் சீரமைப்பு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், மை படாத உயரம் குறைந்த ஈயத் துண்டுகளை அச்சுக்கோப்பவர் சொற்களுக்கு நடுவே செருகினார். வரி நிரம்பாவிட்டால் அகலமான துண்டு, மிஞ்சினால் மெல்லியது. 1886இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் இயங்கத் தொடங்கிய லைனோடைப் இயந்திரத்தில் ஆப்பு வடிவப் பட்டைகள் இந்த வேலையைச் செய்தன. அவற்றை மேலே தள்ளியதும் வரியின் எல்லா இடைவெளிகளும் ஒன்றாக விரிந்தன.

டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், இடைவெளியை நீளவும் சுருங்கவும் கூடியதாகவே கொள்கிறது. இத்துறையின் மிக அழகான தீர்வு இதுவே. அதன் 10 புள்ளி (புள்ளி என்பது அச்சு அளவின் அலகு) கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் இயல்பு இடைவெளி சுமார் 3.33 புள்ளி. அதிலிருந்து 1.11 புள்ளிவரை மட்டுமே குறைக்கலாம். கூட்டுவதற்குக் கண்டிப்பான எல்லை இல்லை என்றாலும், 1.67 புள்ளியைத் தாண்டினால் வரியின் தரம் விரைவாகச் சரிவதாகக் கணக்கிடப்படும்.

ஒரு வரியை மட்டும் தனியே இறுக்கினால் அது அண்டை வரிகளைவிடக் கறுத்துத் தெரியும். தமிழில் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று இடைவெளிகளே கிடைப்பதால் ஒவ்வொன்றும் பெரிதாக வாய்பிளக்கும். நாளிதழ்கள் சொல்லை இணைகோடு இல்லாமலே அடுத்த வரிக்கு உடைப்பது இதனால்தான்.