கும்பமேளாவும் அதன் வரலாறும்



கங்கையும் யமுனையும் கூடும் பிரயாகையில் 2001ஆம் ஆண்டு நிகழ்ந்த கும்பமேளாவைப் பொருளாகக் கொண்ட விவரணப்படம் ஒன்று 2004இல் வெளிவந்தது. 'ஷோர்ட் கட் டு நிர்வாணா' என்பது அதன் பெயர். முத்திக்குக் குறுக்குவழி என்று நாம் பொருள் கொள்ளலாம். மௌரிசியோ பெனாட்சோ, நிக் டே என்னும் இருவர் அதனை இயக்கினர். நீறு பூசிய துறவிகளும், பல்லாண்டுகளாக ஒரு கையை உயர்த்தியபடியே வைத்திருந்து அக்கை வற்றிப்போன தவசியும், இவர்களைக் காண வந்த மேனாட்டாரும் அதில் தோன்றுகின்றனர். காணத் தகுந்த படமே. ஆயினும், படக் கருவியின் கண் வியப்பானவர்களையே நாடிச் செல்கின்றது. தலையில் மூட்டையும், கையில் மகளின் சேலைத் தலைப்புமாகப் பல காததூரம் நடந்துவரும் மூதாட்டி ஒரு கணம் தோன்றி மறைகிறாள். வரலாற்று மாணாக்கன் நின்று நோக்க வேண்டியது அவளையே எனலாம்.

அமுத கலசத்திலிருந்து துளிகள் சிந்திய நான்கு இடங்கள் அரித்துவாரம், பிரயாகை, நாசிக், உச்சயினி என்னும் புராணக் கதை யாவரும் அறிந்தது. வியாழன் இராசிச் சக்கரத்தைச் சுற்றிவர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆவதால் விழாவும் அக்கணக்கிலேயே வருகின்றது. நம்மவர் கும்பகோணத்து மகாமகத்துக்கும் வியாழனையே கணக்கிடுகின்றனர். வியாழனின் சுற்று பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைந்ததாகையால், 2010இல் அரித்துவாரத்தில் நிகழ்ந்த விழா மீண்டும் 2021இலேயே வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வியாழன் கும்ப ராசியில் நிற்பது அரித்துவார விழாவின்போதுதான். பிரயாகையின் பெருவிழாவுக்கு வியாழன் இடபத்திலும் சூரியன் மகரத்திலும் நிற்றல் வேண்டும். அங்ஙனமாயின் பிரயாகைக்குக் 'கும்பம்' என்ற பெயர் எங்ஙனம் வந்தது? கி.பி. 1695ஆம் ஆண்டளவில் பாரசீக மொழியில் எழுதப்பட்ட குலாசத்-உத்-தவாரிக் என்னும் நூல் அரித்துவாரத்து விழாவையே கும்பமேளா என்கிறது. பிரயாகையைப் பற்றிக் கூறுமிடத்து ஆண்டுதோறும் நிகழும் மாக நீராடலையே குறிப்பிடுகிறது. பிரயாகை விழாவுக்குக் கும்பம் என்ற பெயர் அரசாங்க ஏடுகளில் 1868ஆம் ஆண்டளவிலேதான் முதன்முதல் காணப்படுகின்றது என்று, இவ்விழாவின் வரலாற்றை ஆராய்ந்த கமா மக்லீன் காட்டியிருக்கின்றார்.

சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கைச் சான்றாகக் காட்டுவோர் பலர். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னன் பிரயாகையில் தன் பொருளனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, உடுக்கத் தங்கை இராச்சியசிரீயிடம் பழந்துணி பெற்றதை அவர் கண்டு எழுதினார். ஆனால் அது ஐந்தாண்டுக்கொருமுறை நிகழ்ந்த அரச தானவிழா. புத்தர், சூரியன், சிவன் ஆகிய மூவருக்கும் அங்கு வழிபாடு நடந்தது. அதனைக் கும்பமேளா எனல் பொருந்தாது. பெயர் பிற்காலத்தது என்பதால் நீராடலின் பழமை குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மாசுபடாத பழமை ஒன்றைக் கற்பித்துக்கொள்வதினும், காலத்துக்கேற்ப உருமாறி வளர்ந்த விழாவை உள்ளபடி அறிதலே நேர்மை.

அரசு இவ்விழாவை நோக்கிய விதமும் மாறி மாறி வந்தது. அக்பர் 1563இல் யாத்திரை வரியை நீக்கினார். பின்னர் வந்த கும்பினியார் பிரயாகையில் ஆளுக்கு ஒரு ரூபாய் வரி தண்டினர். ஏழைக் குடியானவனுக்கு அது சிறு தொகையன்று. 1840இலேதான் அவ்வரி ஒழிந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிரயாகையின் தீர்த்தக் குருக்களாகிய பிரயாக்வாலர் ஈடுபட்டனராகையால், அதன் பின்னர் ஆட்சியாளர் இக்கூட்டத்தை ஐயத்துடனேயே நோக்கினர்.

இனி, அந்த மூதாட்டியிடம் வருவோம். 1820இல் அரித்துவாரத்தின் ஒடுங்கிய படித்துறையில் நெரிசலுண்டாகி 430 பேர் மாண்டனர். அதன் பின்னரே படிகள் அகலமாகக் கட்டப்பட்டன. 1867இல் அங்கு கூடியவர்களிடையே வாந்திபேதி தோன்றி, வீடு திரும்பியோருடன் பஞ்சாப்பு வரை சென்றது. 1915இல் அரித்துவாரம் சென்ற காந்தியடிகள் தம் தோழர்களுடன் துப்புரவுப் பணியை மேற்கொண்டார். ஐந்து கால் பசு என்று காட்டப்பட்டது, கன்றொன்றின் காலை வெட்டி ஒட்டவைத்த மோசடி என்று அறிந்து அவர் உள்ளம் வெதும்பினார். நாளொன்றுக்கு ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்னும் விரதங்களை அவர் மேற்கொண்டதும் அங்கேதான். 2021இல் கொரோனாத் தொற்றுக்கிடையே அதே அரித்துவாரத்தில் மக்கள் திரண்டபோது, 1867ஐ நினைவுகூர்ந்தோர் எத்தனை பேரோ!

சுதந்திர இந்தியாவின் முதற் பிரயாகைக் கும்பமேளா 1954இல் வந்தது. பெப்ரவரி 3ஆம் நாள், மௌன அமாவாசை. துறவியர் ஊர்வலம் சென்ற வழியில் சனத்திரள் முட்டி மோதி முந்நூறுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். நீதிபதி கமலாகாந்த் வர்மா தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. அரசியல்வாதிகளும் பெரும் பதவியினரும் மேளாவுக்குச் செல்வதைத் தவிர்த்தல் வேண்டும் என்று பிரதமர் நேரு கேட்டுக்கொண்டார். ஒருவருக்காக வழி மறிக்கப்படும்போது ஆயிரவர் ஒடுங்கிய இடத்திலே தேங்குகின்றனர் அன்றோ?

பின்வந்த மேளாக்களில் தற்காலிகப் பாலங்களும் கூடார நகரமும் வியக்கத்தக்க வகையில் எழுந்தன. அத்திறமையைக் குறைத்துக் கூறல் தகாது. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் கும்பமேளாவை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் 2013 பெப்ரவரி 10ஆம் நாள், ஆற்றங்கரையிலன்றி அலகாபாத் புகையிரத நிலையத்திலே 36 பேர் நெரிசலில் இறந்தனர். நீராடி வீடு திரும்பும் வழியும் மேளாவின் ஒரு பகுதியே என்பதை எந்தத் திட்டமும் மறத்தலாகாது.

2025ஆம் ஆண்டு, சனவரி 29. அதுவும் மௌன அமாவாசையே. விடியற்காலை இருளில் மீண்டும் நெரிசல். அரசாங்கம் முதலில் அறிவித்த கணக்கின்படியே 30 பேர் மாண்டனர். அதன் பின்னரே, பெருமக்களின் வாகனங்களுக்கென வழங்கப்பட்டிருந்த சிறப்பு அனுமதிச் சீட்டுகள் இரத்துச் செய்யப்பட்டன.