உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்தது யார்?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கள் வீட்டுக் கணினியின் திரையில் நீல நிறத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதை அழுத்தினால் இணையம் வரும். அதுதான் இணையம் என்றே நினைத்திருந்தேன். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற பிரவுசர் என்பதும், அதை வைத்து அமெரிக்க அரசே நீதிமன்றம் போனது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் வெளிவந்தது. வெகு சீக்கிரத்தில் பெரும்பாலோர் அதையே பயன்படுத்தினார்கள். மைக்ரோசாஃப்ட்டுக்குப் பயம் வந்தது. எல்லா வேலையும் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிட்டால், கணினியில் இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யார் கவலைப்படப் போகிறார்கள்?

1995இல் மைக்ரோசாஃப்ட்டும் ஒரு பிரவுசரைக் கொண்டுவந்து, இலவசமாகக் கொடுத்தது. இலவசமாகக் கொடுப்பது குற்றமில்லை. ஆனால், அந்த நீல எழுத்தைத் திரையிலிருந்து நீக்கக் கூடாது என்று கணினி தயாரிக்கும் நிறுவனங்களை ஒப்பந்தத்தால் கட்டிப்போட்டது. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களுடனும் நெட்ஸ்கேப்பை ஓரங்கட்டும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. ஆட்களிடம் போய்ச் சேரும் வழிகளே நெட்ஸ்கேப்புக்கு அடைபட்டன.

1998 மே மாதம் அமெரிக்க நீதித் துறையும் 20 மாநிலங்களும் வழக்குப் போட்டன. 2000 ஜூனில், மைக்ரோசாஃப்ட்டை இரண்டாக உடைக்கும்படி நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் உத்தரவிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனாலும், தன் ஏகபோகத்தைக் காக்க மைக்ரோசாஃப்ட் சட்டத்தை மீறியது என்பதை அது ஏற்றுக்கொண்டது.

நெட்ஸ்கேப்புக்கு அதனால் பயன் இல்லை. 1999இலேயே அது ஏஓஎல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆனால் 1998இல் அது தன் நிரல்களை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. அங்கிருந்து மொஸில்லா பிறந்தது. 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. 2008இல் கூகுள் குரோமும் வந்து சேர்ந்தது.

கதை திரும்பவும் நடக்கிறது. பிரவுசர்களிலும் கைபேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக, கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. தேடலில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று 2024 ஆகஸ்ட்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்.

ஏன் அவ்வளவு பணம்? நம்மில் பலர் முதலில் இருப்பதை மாற்றுவதே இல்லை. நானும் பல வருடங்கள் மாற்றவில்லை. வழக்குகள் முடியப் பல ஆண்டுகள் ஆகும். உங்கள் கைபேசியின் செட்டிங்ஸைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். இருப்பதே பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.