மெஜந்தா: ஒரு சென்ட்டின் கணக்கு

சித்தப்பாவின் ஆல்பங்களை அந்தக் கடைக்காரர் எடைக்குத்தான் கேட்டார். முப்பது வருடம் வரிசையில் நின்று வாங்கிய முதல்நாள் உறைகள். "தம்பி, இதெல்லாம் லட்சக்கணக்குல அடிச்சது. எல்லார் வீட்டுலயும் கெடக்கு, யாரு வாங்குவா?" என்றார். சித்தப்பா ஆசைக்காக மட்டும் சேர்க்கவில்லை. "ஒருநாள் இது எங்கயோ போகும்டா" என்று சொல்லிக்கொண்டே சேர்த்தார். அந்த நம்பிக்கைக்கு அவர் காட்டும் ஒரே சாட்சி, பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா. திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்குத் தோன்றியது: அந்தத் தபால்தலையை வாங்கியவர்களாவது லாபம் பார்த்தார்களா?

1856இல் லண்டனிலிருந்து வர வேண்டிய தபால்தலைகள் கயானாவுக்கு வந்துசேரவில்லை. அங்கே தபால் அதிகாரியாக இருந்த டால்டன், ஜார்ஜ்டவுனில் அரசிதழ் அச்சடித்தவர்களிடமே அவசரத்துக்குச் சில தபால்தலைகளை அடிக்கச் சொன்னார். சிவப்புத் தாள், கறுப்பு மை, நடுவில் ஒரு கப்பல். கள்ள அச்சு வந்துவிடக் கூடாதென்று குமாஸ்தாக்கள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துச் சுருக்கம் போட்டார்கள். நாலு சென்ட் கடிதத்துக்கு, ஒரு சென்ட் செய்தித்தாளுக்கு. செய்தித்தாள் உறையை யார் பத்திரப்படுத்துவார்கள்? கிழித்து எறிந்தார்கள். (மெட்ராஸிலிருந்து 1845 முதல் கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் ஆட்களும் அப்போது அந்தக் காலனியில் இருந்தார்கள்.)

1873இல் வெர்னன் வான் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டுப் பழைய கடிதங்களுக்கு நடுவே ஒன்றைக் கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுப்பட்டு, பார்க்கவே நன்றாக இல்லை. வேறு அழகான தபால்தலைகள் வாங்கக் காசு வேண்டும் என்று ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். எல்லாரும் அவனைப் பாவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்கு வேண்டியது அவனுக்குக் கிடைத்தது.

1878இல் சுமார் 150 பவுண்டுக்கு அது பாரிஸில் வாழ்ந்த பெரும் பணக்காரர் ஃபெராரியிடம் போனது. 1922 ஏலத்தில் சுமார் 7,300 பவுண்டு. 44 வருடத்தில் வருடத்துக்கு 9 சதவீதத்துக்கு மேல்! ஆனால் ஃபெராரி 1917இலேயே இறந்துவிட்டார். பெர்லின் தபால் அருங்காட்சியகத்துக்கு அவர் எழுதிவைத்த சேகரிப்பை, எதிரிநாட்டுச் சொத்து என்று பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்து விற்றது. லாபம் வந்தது, ஆள் இல்லை.

ஏலத்தில் வாங்கியவர் ஆர்தர் ஹிண்ட், அமெரிக்க ஆலை முதலாளி. இரண்டாவது பிரதி ஒன்று வந்தபோது அதையும் வாங்கிச் சுருட்டு நெருப்பில் எரித்தார் என்று ஒரு கதை உண்டு. நிரூபிக்கப்படாத கதைதான், ஆனால் இந்த வியாபாரத்தின் தர்க்கத்தை அது சரியாகச் சொல்லிவிடுகிறது. சித்தப்பாவின் உறைகளை எத்தனை பேர் எரித்தால் அவருடையது ஒன்று மட்டும் மிஞ்சும்?

இதை முழுக்க முதலீடாகவே பார்த்தவர்கள் இர்வின் வைன்பெர்க்கின் கூட்டாளிகள். 1970இல் 2,80,000 டாலருக்கு வாங்கி, 1980இல் 9,35,000 டாலருக்கு விற்றார்கள். பிரமாதம்தான். அதே பத்து வருடத்தில் தங்கம் அவுன்ஸ் 35 டாலர் சுமாரிலிருந்து ஏறக்குறைய 500 டாலருக்குப் போயிருந்தது. வைன்பெர்க், பெட்டியைக் கையோடு விலங்குபோட்டுப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போனார். நம்ம பாட்டிகள் ஒரு சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தே நாலு மடங்கு அதிகம் சம்பாதித்திருப்பார்கள்.

அடுத்து வாங்கியவர் ஜான் டு பாண்ட். 'ஃபாக்ஸ்கேட்சர்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 1996இல் மல்யுத்த வீரர் டேவ் ஷுல்ட்ஸைச் சுட்டுக்கொன்றவர். அவர் சிறையிலிருந்த வருடங்களில் தபால்தலையும் பெட்டகத்தில் இருந்தது. 2010இல் சிறையிலேயே இறந்தார். 2014இல் அது 94.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 34 வருடத்தில் பத்து மடங்கு. அமெரிக்கப் பங்குச்சந்தையின் எஸ் அண்ட் பி குறியீடு, டிவிடெண்ட் சேர்க்காமலே, பதினெட்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. பங்குக்குக் காப்பீட்டுச் செலவும் பெட்டக வாடகையும் கிடையாது.

2014இல் வாங்கிய காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மனுக்கு அதுவும் இல்லை. 2021இல் ஒரு கோடி டாலராவது வரும் என்று எதிர்பார்த்த ஏலம் 83 லட்சத்தில் முடிந்தது. ஏலக்கூடத்தின் பங்கு போக அவர் கைக்கு வந்தது இன்னும் குறைவு.

ஆனால் அந்தத் தபால்தலையின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஃபெராரியின் சின்னம், டு பாண்டின் பென்சில் எழுத்து, வைட்ஸ்மன் வரைந்த ஹைஹீல்ஸ். வேறெந்தத் தபால்தலையில் கிறுக்கினாலும் மதிப்பு போய்விடும். இதிலோ, அந்தக் கோடிகள் வாங்கித் தந்தது அந்தக் கிறுக்கும் உரிமையைத்தான். கணக்கில் நஷ்டம் என்பது வைட்ஸ்மனுக்குத் தெரியாமலா இருக்கும்?

2021இல் வாங்கிய ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் அதைத் துண்டு துண்டாக, நூறு பவுண்டுக்கு ஒரு பங்கு என்று விற்பனைக்கு விட்டது. தபால்தலையை வெட்டவில்லை, உரிமையை மட்டும்தான். வீட்டுக்கு வந்து, எடைக்கு எவ்வளவு கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, இதைத்தான் சித்தப்பாவிடம் முதலில் சொன்னேன். "நூறு பவுண்டுன்னா பத்தாயிரத்துச் சொச்சம். ஒரு பங்கு உங்களுக்கும் வாங்கலாம்."

ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பின்னாடி கையெழுத்துப் போட விடுவானா?"