ஏற்றும் ரத்தமும் எடுக்கும் ரத்தமும்: தீவிர சிகிச்சையில் ரத்தசோகை மேலாண்மை குறித்து ஒரு மறுநோக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவில் காணும் ரத்தசோகை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே எழுந்துள்ளன: ஹீமோகுளோபின் எந்த அளவுக்கு இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும்? சில விலக்குகள் நீங்கலாக, இதற்குப் போதுமான விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடை, நோயாளியின் ரத்தம் ஏன் குறைந்தது என்பதைத் தொடுவதில்லை. குறைவில் ஒரு பங்கு சிகிச்சை முறையாலேயே விளைகிறது. அதைத் தடுப்பதே ரத்தசோகை மேலாண்மையின் முதற்படி என்பது இக்கட்டுரையின் வாதம்.

வரம்பு பற்றிய விவாதம்

1942இல் ஆடம்ஸ், லண்டி ஆகிய அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் காட்டி, டெசிலிட்டருக்கு 10 கிராம் என்ற வரம்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மரபாக நிலைத்தது. அம்மரபைச் சோதித்தது 1999இல் கனடாவில் ஹீபர்ட் குழுவினர் வெளியிட்ட 'டிரிக்' ஆய்வு. அதில் 838 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தம். மறு பிரிவினருக்கு 10க்குக் கீழே போனாலே ரத்தம். 30 நாளில் இறந்தோர் முறையே 18.7, 23.3 விழுக்காடு. இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதி பெறவில்லை. எனினும், குறைவாக ஏற்றுவதால் கேடில்லை என்பதை நிலைநாட்ட அது போதுமானதாக இருந்தது. செப்டிக் அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் நடந்து 2014இல் வெளியான 'டிரிஸ்' ஆய்வும் 7, 9 என்ற இரு வரம்புகளுக்கிடையே 90 நாள் இறப்பில் வேறுபாடு காணவில்லை.

இவ்விடை எல்லா உறுப்புக்கும் பொருந்தாது. மாரடைப்பும் ரத்தசோகையும் சேர்ந்த 3,504 பேரிடம் நடந்த 'மின்ட்' ஆய்வில் (2023), குறைவாக ஏற்றப்பட்டவர்களில் 16.9 விழுக்காட்டினரும் தாராளமாக ஏற்றப்பட்டவர்களில் 14.5 விழுக்காட்டினரும் 30 நாளுக்குள் இறந்தனர் அல்லது மீண்டும் மாரடைப்புக்கு உள்ளாயினர். இதுவும் உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை. ஆயினும் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. மூளைக் காயமுற்றோரிடம் நடந்த 'டிரெய்ன்' ஆய்வில் (2024), 9 கிராம் வரம்பில் ரத்தம் பெற்றோருக்கு நரம்பியல் விளைவு மேலாக இருந்தது. ஆக, 7 என்பது பொதுவிதி. இதயமோ மூளையோ அடிபட்ட இடத்தில் அவ்விதி தளர வேண்டும்.

எடுக்கப்படும் ரத்தத்தின் கணக்கு

மேற்கு ஐரோப்பாவின் 146 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வின்சென்ட் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, பரிசோதனைக்கென ஒரு நோயாளியிடமிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 41.1 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. இந்த எண்ணின் கனத்தை உணர ஓர் எளிய கணக்கு உதவும். உடலில் 5 லிட்டர் ரத்தம் இருப்பதாகவும் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்றும் கொண்டால், எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டியது சுமார் 42 மில்லிலிட்டர் ரத்தத்தின் சிவப்பணுக்களை. பரிசோதனைக்கு எடுப்பதும் ஏறத்தாழ அதே அளவு. அதாவது, நலமான மஜ்ஜையே இரட்டிப்பாக உழைத்தால்தான் ஹீமோகுளோபின் நிலைத்து நிற்கும்.

நோயுற்ற மஜ்ஜையால் அது முடிவதில்லை. அழற்சியின்போது பெருகும் இன்டர்லூக்கின்-6, கல்லீரலை ஹெப்சிடின் சுரக்கத் தூண்டுகிறது. ஹெப்சிடின், செல்களிலிருந்து இரும்பு வெளியேறும் வாயிலான ஃபெர்ரோபோர்ட்டினைச் சிதைக்கிறது. இரும்பு உடலில் இருந்தும் மஜ்ஜைக்குக் கிட்டுவதில்லை. எரித்ரோபொயெட்டின் சுரப்பும் போதிய அளவு உயர்வதில்லை.

மருந்தால் இத்தடையை மீறும் முயற்சிகள் அளவான பலனையே தந்தன. 1,460 பேரிடம் கார்வின் குழுவினர் சோதித்து 2007இல் முடிவு வெளியிட்ட எரித்ரோபொயெட்டின் ஊசி, ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கவில்லை. ரத்த உறைவுச் சிக்கலை அதிகப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் 140 பேருக்கு இரும்புச்சத்தைச் சிரைவழி செலுத்திப் பார்த்த ஆய்வில் (2016) வீடு திரும்பும்போதைய ஹீமோகுளோபின் உயர்ந்தது. ஏற்றிய ரத்தத்தின் அளவு உறுதிபடக் குறையவில்லை.

தடுப்பின் சான்றும் வரம்பும்

இந்நிலையில்தான் கனடாவின் 25 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2023இல் வெளியான 'ஸ்ட்ரேட்டஸ்' ஆய்வு கவனத்துக்குரியது. வழக்கமான மாதிரிக் குழாய்களுக்குப் பதில், குறைந்த ரத்தத்தையே உறிஞ்சும் குழாய்களுக்கு மருத்துவமனைகள் மாறின. முதன்மைப் பகுப்பாய்வில் 100 நோயாளிகளுக்கு ஏறத்தாழ 7 அலகு ரத்தம் மிச்சமானது. ஆனால் இது புள்ளியியல் உறுதியைத் தொடவில்லை. கூடுதல் நோயாளிகளைச் சேர்த்த இரண்டாம் பகுப்பாய்வில் மிச்சம் 10 அலகுக்கு அருகில் வந்தது. மாதிரி போதாமல் பரிசோதனை தடைபட்டது மிக அரிது.

முதன்மை முடிவே உறுதிப்படாதபோது நடைமுறையை மாற்றலாமா என்று கேட்கலாம். ஒரு தலையீட்டுக்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பது அதன் அபாயத்தைப் பொறுத்தது. புதிய மருந்துக்குக் கேட்கும் அளவு உறுதியை, தேவைக்கு மேல் எடுத்துக் கழிவாகக் கொட்டும் ரத்தத்தை நிறுத்துவதற்கும் கேட்பது பொருந்தாது. அதே வேளை, இதனால் இறப்பு குறையும் என்று கூறவும் இச்சான்று இடம் தராது.

இந்தியச் சூழலில் இவ்வாதம் மேலும் வலுப்பெறுகிறது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. இத்தகைய நோயாளி சேமிப்புக் குன்றிய நிலையிலேயே படுக்கைக்கு வருகிறார். ஐரோப்பியக் கணக்கில் சிறிதாகத் தோன்றும் இழப்பும் அவரை விரைவில் 7 கிராமுக்குத் தள்ளிவிடும்.

ஆகவே, மூன்று மாற்றங்களை முன்வைக்கலாம். வயது வந்தோருக்கும் சிறு அளவு மாதிரிக் குழாய்களே இயல்பான தேர்வாக வேண்டும். தமனிக் குழாயிலிருந்து முதலில் இழுக்கும் ரத்தத்தை எறியாமல், மூடிய அமைப்பின் வழியே உடலுக்கே திருப்ப வேண்டும். 'தினமும் எல்லாப் பரிசோதனையும்' என்ற நிலையான உத்தரவு நீங்கி, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கேள்வி காரணமாக அமைய வேண்டும். இவற்றை அளந்தறிய, சிறுநீரை மில்லிலிட்டர் கணக்கில் குறிக்கும் அதே நாள்பதிவுத் தாளில் எடுத்த ரத்தத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். அந்தப் பதிவு இல்லாதவரை, ஏற்றிய ஒவ்வோர் அலகிலும் எவ்வளவு நோயின் தேவை, எவ்வளவு நாமே உண்டாக்கிய தேவை என்று பிரித்தறிய வழியில்லை.