அச்சு வழங்கி

அச்சு வழங்கி என்பது ஓர் அச்சுப்பொறியை வலையமைப்பிலுள்ள பல கணினிகளும் பயன்படுத்த வழிசெய்யும் கணினி அல்லது கருவி ஆகும். விண்டோஸ், மாக், லினக்ஸ் கணினிகள் கலந்துள்ள இடங்களில் பழைய லேசர் அச்சுப்பொறியைத் தொடர்ந்து பயன்படுத்த இது உதவுகின்றது. இயந்திரம் பழுதின்றி இருந்தும், புதிய இயங்குதளங்களுக்கு அதன் இயக்கி மென்பொருள் கிடைக்காமற் போவதே பொதுவான சிக்கல்.

லினக்ஸ் கணினியொன்றை வழங்கியாக்க, 1999 இல் வெளிவந்த கப்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் பயன்படுகின்றது. அச்சுப்பொறிக்குரிய இயக்கி அக்கணினியில் மட்டும் இருந்தாற் போதும். ஏனைய கணினிகள் இணைய அச்சிடல் நெறிமுறைப்படி 631 ஆம் போர்ட்டுக்கு ஆவணத்தை அனுப்பும். விண்டோஸில் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் இயக்கியைத் தேர்ந்தெடுக்கலாம். கப்ஸ் அதனை அச்சுப்பொறி அறிந்த மொழிக்கு மாற்றிவிடும்.

1992 இல் வெளிவந்த எச்பி லேசர்ஜெட் 4 போன்றவை பிசிஎல் என்னும் பக்க விவரிப்பு மொழியைத் தாமே புரிந்துகொள்வதால் அவற்றுக்கு இன்றும் இயக்கி கிடைக்கின்றது. பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் மலிவான அச்சுப்பொறிகளின் நிலை வேறு. வயதில் இளையவையாயினும் அவையே முதலில் கைவிடப்படுகின்றன. சிலவற்றுக்கு மட்டும் ஆர்வலர்கள் எழுதிய லினக்ஸ் இயக்கிகள் உள்ளன.

631 ஆம் போர்ட்டை வெளி இணையத்துக்குத் திறந்து வைத்தல் கூடாது. கப்ஸுடன் இயங்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் உள்ளிட்ட நிரல்களில் 2024 இல் வெளிப்பட்ட குறைபாடுகள், போலி அச்சுப்பொறியொன்றை வெளியார் சேர்க்கவும், அதில் அச்சிடும்போது அவர்களது கட்டளைகள் வழங்கியில் இயங்கவும் இடமளித்தன.