பாய்க்கப்பற் பயிற்சி: கொழும்புத் துறையை முன்னிறுத்தி ஒரு வரலாற்று நோக்கு

புறநானூற்றின் 66ஆம் பாடலிற் கரிகாலன், காற்றின் இயல்பறிந்து அதனைத் தன் ஏவலுக்கு உட்படுத்திப் பெருங்கடலில் நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றலாக விளிக்கப்படுகிறான். பாடியவர் வெண்ணிக் குயத்தியார். உழைக்கும் குலத்துப் பெண் என்பதைப் பெயரே உணர்த்துகிறது. ஆயினும் காற்றை ஆண்ட திறன் அங்கு மன்னர் குடியின் உடைமையாகவே கூறப்படுகிறது. சுக்கான் பிடித்தவன் யார், அத்தொழிலை அவன் எவ்வயதில், யாரிடம் கற்றான் என்பன பாடலின் அக்கறைக்குள் வரவில்லை. தமிழரின் கடலோடும் மரபு பற்றி நம்மவர் எழுதியவற்றுட் பெரும்பாலானவையும் இவ்வழியிலேயே சென்றுள்ளன. சோழர் கடற்படை பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவோர், தோணியிற் சோறாக்கிய சிறுவனைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. கடற்றொழிற் கல்வியின் வரலாறோ அச்சிறுவனிடத்திலிருந்தே தொடங்கப்பட வேண்டியதாகும்.

இதனை நோக்குதற்குக் கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடை ஏற்ற இடம். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து பணியாற்றிய குரு ஒருவர், கடலரிப்பால் வருந்திய மீனவருக்காகக் கரையிற் சிலுவை நாட்டி மன்றாட, கடல் பின்வாங்கிற்று என்பது அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்தின் தோற்றக் கதை. ஐதிகமே எனினும், கடலை நம்பி வாழ்ந்தோரின் அச்சத்தை அது நன்கு காட்டுகிறது. தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவுறும் வரை கொழும்பு திறந்த துறையாகவே இருந்தது. பின்னர் நீராவிக் கப்பல்கள் குவிந்தன. அவற்றின் நடுவே தூத்துக்குடித் தோணிகளும் சரக்கேற்றி வந்து சென்றன. 1980களிலும் இத்தோணிகளுட் பல பாயை நம்பியே ஓடின என்பது மனங்கொள்ளத்தக்கது.

தோணியில் ஏறும் சிறுவன் முதலிற் பண்டாரி ஆவான், அதாவது சமையற்காரன். பாய் சுருக்கவும், கயிறு பின்னவும், நீர் இறைக்கவும் அவன் கற்பது உலை கொதிக்கும் இடைவெளிகளிலேதான். பின்பு மாலுமியாகி, சுக்கான் பிடித்து, இறுதியில் தண்டையலாக உயர்தல் கூடும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுப் பெயர்களே அவனது பாடத்திட்டம். ஏடோ எழுத்தோ இதற்கு இன்றியமையாதன அல்ல. ஆனால் கருவிகளும் கணிப்பும் அற்ற வெறும் பழக்கம் இதுவெனக் கருதுதல் பெருந்தவறாகும். சோழமண்டலக் கரை மாலுமிகளின் உத்திகள் பற்றிக் கொங்கிறீவ் என்பவர் 1850இற் சென்னையிலிருந்து வெளியான இலக்கிய, அறிவியல் சஞ்சிகையொன்றில் எழுதியுள்ளார். சிறு பலகையொன்றில் முடிச்சிட்ட கயிற்றைக் கோத்து, கயிற்றைப் பல்லிற் கௌவி, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. முடிச்சு பொருந்திவிட்டால் அத்துறையின் அகலக்கோட்டுக்கு வந்தாயிற்று. இனிக் கரையை நோக்கித் திரும்புவதே வேலை. எழுத்தறியாத இளைஞன் ஒருவன் வானியல் கற்ற முறை இது.

இக்கல்வியை இலட்சியப்படுத்துதலும் தகாது. தூத்துக்குடியிற் பரதவரும், வல்வெட்டித்துறையிற் கரையாரும், காயல்பட்டினம், கீழக்கரை ஆகியவற்றில் மரைக்காயரும் தத்தம் உறவுக்குள்ளேயே தொழிலைக் கையளித்தனர். பெண்ணுக்கும் பிற சாதியாருக்கும் இதில் இடமிருக்கவில்லை. சரக்கும் கலமும் முதலாளிக்கு உரியன. காற்றும் உயிராபத்துமே தொழிலாளிக்கு உரியன. தூத்துக்குடியின் இவ்வுலகை விரிவாகக் காட்டும் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2009) நாவலை வெறும் வட்டாரச் சித்திரிப்பாக மட்டும் வாசிப்போர் இவ்வுடைமை உறவுகளைக் காணத் தவறுவர்.

கொங்கிறீவ் எழுதிய அதே 1850இலேதான், வெளிநாடு செல்லும் கப்பல்களின் தலைவர்களும் துணைவர்களும் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் பெறவேண்டும் என்னும் சட்டம் பிரித்தானியாவில் இயற்றப்பட்டது. கடற்பாதுகாப்புக்கு அது தேவையானது என்பதில் ஐயமில்லை. எனினும் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தமையால், தண்டையலின் அறிவு சட்டத்தின் முன் அறிவாகவே கணிக்கப்படவில்லை. நீராவிக் கப்பலில் அவனுக்குக் கிடைக்கக்கூடியது ‘லஸ்கார்’ என்னும் கடைநிலை வேலை. ஐரோப்பிய மாலுமியின் கூலியில் மூன்றிலொரு பங்கு, சிலவேளை ஐந்திலொரு பங்கே அதற்குரிய ஊதியம்.

இந்நிலையை எதிர்கொண்டவர்களுள் முதல்வராக வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் குறிப்பிடலாம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட வீரராகவே அவரை நாம் போற்றுகிறோம். 1906இற் பதிவான அவரது சுதேசிக் கப்பற் கம்பனியின் நோக்கங்களுள் இந்தியரையும் ஏனைய ஆசிய நாட்டவரையும் கப்பலோட்டுவதிலும் கட்டுவதிலும் பயிற்றுவித்தலும் ஒன்று என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கப்பலை வாங்கிவிடலாம், ஓட்டும் தகுதியை வாங்குதல் இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1908 மார்ச்சில் அவர் கைதானார். கம்பனி நிலைக்கவில்லை, பயிற்சித் திட்டமும் கருவிலேயே அழிந்தது.

பதினான்கு ஆண்டுகளின் பின், 1922இல், சேர் பி. எஸ். சிவசாமி ஐயர் மத்திய சட்டசபையிற் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாகக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1927இற் பம்பாயில் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் தொடங்கிற்று. முன்னர் துருப்புகளை ஏற்றிய நீராவிக் கப்பல் அது; நங்கூரமிட்டு நின்றபடியே அதில் இளைஞர் கல்வி பெற்றனர். ஆங்கிலம் கற்ற மத்தியதர வர்க்கத்து மைந்தர்க்கு அதிகாரி பதவிக்கான வாயில் இதனாற் சிறிது திறந்தது. கடலோரச் சிறுவனுக்கு அது திறக்கவில்லை. ஓடாத கப்பலிற் பயின்றவன் அதிகாரி, ஓடும் கப்பலிற் பயின்றவன் கூலி என்பதே அன்றைய உழைப்புப் பிரிவினையின் சாரம் எனலாம்.

அக்கூலிகளின் தகுதி யாதென்பதை ‘அன்னபூரணி’ காட்டிற்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட, ஏறத்தாழ 89 அடி நீளமான அப்பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். 1937இற் புறப்பட்ட அது, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மாசச்சூசெற்ஸிலுள்ள குளொஸ்ரரை அடைந்தது. அதில் வேலை செய்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். தோணியன்றி வேறு கல்லூரியைக் காணாதவர்கள். கப்பல் அமெரிக்கரின் சொத்தாயிற்று. ஈழத்தில் அது இனப்பெருமைக்குரிய கதையாயிற்று. அம்மாலுமிகளை ஆசிரியராகக் கொண்டு ஒரு பயிற்சிக்கூடம் அமைக்கலாம் என்னும் எண்ணம் மட்டும் எந்த அரசுக்கும் எழவில்லை.

பாய்க்கப்பலிற் பயிற்றும் முறை உலகில் மறைந்துவிடவில்லை. 1957இல் ஜேர்மனியின் ‘பமீர்’ புயலில் மூழ்கி, அதிலிருந்த 86 பேரில் 80 பேர் மாண்ட பின்னரும், அடுத்த ஆண்டே அந்நாடு ‘கோர்ச் ஃபொக்’ என்னும் புதிய பாய்க்கப்பலைக் கடலில் இறக்கியது. போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்திடம் கையளிக்கப்பட்ட ‘குரூசென்ஷ்ரேர்ண்’, பிற்காலத்தில் மீன்பிடித் துறைக்கான மாணவரைப் பயிற்றியது. இளம் மீனவத் தொழிலாளிக்கும் பாய்க்கப்பல் வகுப்பறையாகலாம் என்பதற்கு அது சான்று. இந்தியக் கடற்படையின் ‘தரங்கிணி’ 1997இற் சேவையில் இணைந்து, 2003–04இல் உலகைச் சுற்றி வந்தது. அதில் ஏறுவோர் அதிகாரிகளாகப் பயில்வோர். காற்றையும் பாயையும் அறிதல் தலைமைப் பண்பை வளர்க்கும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. இதே அறிவைப் பத்து வயதிலேயே பெறத் தொடங்கிய தண்டையலின் மகன், இன்று சரக்குக் கப்பலில் வேலை தேடுவானாயின், 1978ஆம் ஆண்டின் சர்வதேசக் கடலோடிகள் பயிற்சிச் சமவாயம் கோரும் அடிப்படைச் சான்றிதழ்களுக்காகக் கட்டணம் செலுத்தி, கடலையே காணாதவனைப் போல் முதல் வகுப்பில் அமர வேண்டியவனாகிறான்.