எம் மூத்த மாணவிகள் போடாத வாக்கு

பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டு காணும் இவ்வேளையில், கல்லூரி அன்னைக்கு விசுவாசம் என்ற சொல் வாழ்த்துச் செய்திகள் தோறும் ஒலிக்கின்றது. அச்சொல்லின் பொருளை, எம் சங்கத்தின் முதல் தலைமுறையினர் கண்ட ஒரு வரலாற்று நிகழ்வைக் கொண்டு சிந்திக்க விரும்புகின்றோம்.

1924 இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் உருவாயிற்று. பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் இவர்களே. இன, மத பேதமற்ற சுதந்திர இலங்கையும் தாய்மொழிக் கல்வியும் இவர்களது இலட்சியங்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்தில் இருத்தப்பட்ட காலத்தில், சமஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்று குரல்கொடுத்தனர்.

1931 இல் டொனமூர் அரசியல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது முழுச் சுயராச்சியம் அன்று. தேசாதிபதியின் கையில் விசேட அதிகாரங்கள் எஞ்சியிருந்தன. ஆகவே தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வாலிபர் காங்கிரஸ் அறைகூவியது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் ஒருவர்கூட நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. பதவி ஆசையைத் துறந்து ஒரு சமூகம் கொள்கைக்காக நின்ற அபூர்வமான தருணம் அது. தெற்கும் தம்மைப் பின்பற்றும் என்று எதிர்பார்த்தனர். தெற்கிலோ தேர்தல் நடந்தது.

ஆனால் அதே திட்டமே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் முதன்முறையாக வாக்குரிமை அளித்தது. ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே அதனைச் சிபாரிசு செய்திருந்தது. பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன்கூட பெண்கள் வாக்களிப்பதை எதிர்த்தார். இத்தனை தடைகளையும் தாண்டி வந்த உரிமையை, எம் மூத்த மாணவிகள் அவ்வாண்டு பயன்படுத்த முடியவில்லை. அவ்வாண்டு வாலிபர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கமலாதேவி சட்டோபாத்யாய என்ற பெண்மணி என்பது வரலாற்றின் முரண். 1932 இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபை புகுந்தார். எம் ஊர்ப் பெண்கள் அப்போதும் வாக்குச்சாவடியைக் கண்டதில்லை.

1934 இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை அந்த நான்கு ஆசனங்களும் வெறுமையாயிருந்தன. அச்சபையின் ஏழு நிர்வாகக் குழுக்களில் சுகாதாரமும் கல்வியும் அடங்கும். வைத்தியசாலையில் பணிபுரியும் எமக்கு இது சிறிய விடயமாகத் தோன்றவில்லை. தீர்மானங்கள் எடுக்கப்படும் மேசையில் ஆளில்லாத ஊரின் நோயாளி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம்.

வாலிபர் காங்கிரசைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர்களது நேர்மை எமக்குப் பெருமை. அவர்களைப் போற்றும்போதே அந்த முடிவின் விலையை யார் செலுத்தினார் என்றும் கேட்பது துரோகமாகாது. சிகிச்சை பலிக்காதபோது அதை ஒப்புக்கொள்ள மறுக்கும் வைத்தியர், தமது மருந்துச் சீட்டுக்கு விசுவாசமானவர், நோயாளிக்கு அல்ல.

இதை நாம் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1995 ஒக்டோபரில் புத்தகப் பையுடன் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இடம்பெயர்ந்த மாணவிகள் நாம். கேள்வி கேளாதிருப்பதே விசுவாசம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் எமக்குச் சொல்லப்பட்ட காலம் அது. வாய்மூடி வளர்ந்தோம். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கத் துணிந்த சிலரை இழந்தோம்.

இன்று எம் சகோதரிகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். மண்டபம் கட்டவும் கணினி வாங்கவும் மனமுவந்து உதவுகின்றனர். அதற்கு எம் நன்றி. அத்துடன் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: நாம் எடுக்கும் இம்முடிவில் எந்த மாணவி விடுபடுகின்றாள்? தோட்டத்தில் கூலிவேலை செய்யும் தாயின் மகளா, விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவளா, பரீட்சையில் சித்தியடையாதவளா?

அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை எமக்குத் தந்ததும் இக்கல்லூரியே. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அன்னைக்கு நாம் செலுத்தும் நூற்றாண்டுக் காணிக்கை.